ஒன்று தசம் மூன்று

கல்முனை பிரதான வீதியில்
டயர் கடைக்கு மேலே என் கடை.
மாரி தொடங்கினால்
ராம் அட்டைகளின் பொன்னிறப் பற்களில்
பச்சை பூத்துவிடும்.
அழிறப்பரால் தேய்த்தால் சரி.
வருகிற கணினிகளில் பாதியை
அப்படித்தான் எழுப்புகிறேன்.

றிஸ்மியா கொண்டுவந்தது ஓர் இறுவட்டு.
நீல மையில்: ஏழு சி, 2009.
ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு;
கையில் இன்னும் ஸ்பிரிட் மணம்.
"வௌவால் ஒண்டு செஞ்ச நான்.
இப்ப தொறந்தா நிமிந்து நடக்குது.
ஒருக்காப் பாருங்களே."

கட்டங்களை ஒன்றோடொன்று கோத்து
பிள்ளைகள் நிரல் எழுதும் செயலி அது.
திறந்ததும் வெள்ளைத் திரையில் ஒரு வாத்து நிற்கும்.
பத்து அடி நட.
ஓரம் வந்தால் திரும்பு.
இதையே எப்போதும் செய்.
இவ்வளவையும் வைத்துக்கொண்டு
ஒரு பிள்ளை அரை நாளைப் போக்கிவிடும்.

அவளுடைய வாத்து கறுப்பு.
கிழிந்த குடை போல் இரண்டு சிறகு.
மேலே ஒரு மாங்கிளை.
அதன் கீழே அது
போகும்போதும் வரும்போதும் நிமிர்ந்தே நடந்தது,
பஸ்ஸைத் தவறவிட்ட கிளார்க் மாதிரி.

பழைய பதிப்புகளைத் தேடி இறங்கினேன்.
ஐந்தில் கட்டங்களின் மூலைகள் வளைவு,
நான்கில் கூர்.
மூன்று ஒரு செருகுநிரல் கேட்டது.
அதைச் செய்த கம்பனி
எப்போதோ அதைக் கைகழுவியிருந்தது.
இரண்டில் வாத்துக்கு இமையில்லை,
ஒலியில்லை,
செய்ததை மீளப்பெறும் பொத்தானும் இல்லை.
பிழைத்தால் பிழைத்ததுதான்.
சில கட்டங்கள் சிவந்துபோய்
'இந்தக் கட்டளையை அறியேன்' என்றன.
பிறகு கரண்ட் போனது.
கீழே காற்றடிக்கிற மெஷின்
பெருமூச்சு ஒன்று விட்டு நின்றது.

இரண்டாம் இரவு. ஒன்று தசம் மூன்று.

வாத்து ஓரத்தில் முட்டியது.
திரும்பியது.
திரும்பியதென்றால் உடம்போடு முழுதாக,
கால் மேலே, தலை கீழே.
வலப்பக்கம் போகையில் ஏதோ ஒரு பறவை.
இடப்பக்கம் வருகையில்
கிளையைப் பற்றிக்கொண்டு
வௌவால்.

செய்தவர்களுக்கு அது பிழை.
அடுத்த பதிப்பின் குறிப்பில் ஒரே வரி:
'ஓரத்தில் கவிழும் கோளாறு நீக்கப்பட்டது.'
இங்கே ஏழு சியில் ஒருத்தி
அந்தக் கோளாறுக்குச் சிறகு வரைந்து
தொங்க ஒரு கிளையும் கொடுத்திருந்தாள்.
அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வௌவாலின் வாயருகே ஒரு பேச்சுக் குமிழ்.
உள்ளே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும்
ஆங்கில எழுத்துமாய்க் குப்பை.
எனக்கு இந்தக் காய்ச்சல் தெரியும்: பாமினி.
எழுத்துருவை ஏற்றியதும்
குப்பை கலைந்து தமிழாய் அடுங்கியது:

"நீங்க எல்லாரும் ஏன் தலைகீழா நிக்கிறீங்க?"

பூட்டிய கடைக்குள் தனியே சிரித்தேன்.

விடியப் புதிய பதிப்பை மூடப்போகையில்தான் கண்டேன்,
வாத்தின் பெயருக்குப் பக்கத்தில்
கடுகளவு ஓர் அம்புக்குறி.
தொட்டால் மூன்று தெரிவு:
இடம் வலம், முழுச்சுற்று, திரும்பாதே.
நடுவில் உள்ளதைத் தொட்டேன்.
கவிழ்ந்தது.
இரண்டு இரவும் ஒரே சொடுக்கில் போயின.

றிஸ்மியாவுக்கு இதைச் சொல்லவில்லை.
இரண்டு திரைகளில் இரண்டையும் ஓடவிட்டேன்.
ஐந்நூறு ரூபா கேட்க இருந்தவன்
இருநூறு என்றேன்.

புதியது தொங்கியபடி கண் சிமிட்டியது.
பழையது சிமிட்டத் தெரியாமல்
அவளையே பார்த்தது.

"வௌவால் கண் சிமிட்டுமா?"
என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை.
கீழே யாருக்கோ
டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது.