விழித்துக் கடந்தது

இரவு இரண்டு மணி.
சுற்றிலும் கொட்டாவிகள்.
எனக்கு இது சூப்பர்வைசர் இரண்டாம் சுற்று வரும் நேரம்.
பன்னிரண்டு வருடமாக இந்நேரம்
உருப்பெருக்கியில் கண் பதித்துச்
சில்லுகளில் கீறல் தேடிக்கொண்டிருப்பேன்.
லீவு பாரத்தில், காரணம் என்ற கட்டத்தில்
'ஓட' என்று எழுதி, அடித்து,
'குடும்ப விஷயம்' ஆக்கியிருந்தேன்.

ஷூ, பசார் மாலாமில் வாங்கியது, அரை சைஸ் பெரிது.
பயிற்சி, அடுக்குமாடிக் கார்பார்க்கில் பதினெட்டுச் சுற்று.
நேபாளத்துக் காவலாளி
அவர் மொழியில் எண்ணிச் சொல்வார்,
சரியாகத்தான் எண்ணினாரா, தெரியாது.

நெஞ்சில் குத்திய எண் அட்டையில்
தவமலர் ஏ/பி என்பதோடு இடம் தீர்ந்திருந்தது.
அப்பா பெயர் விழவில்லை.
இருபத்தொரு கிலோமீட்டருக்கு
யார் மகளும் இல்லை நான்.

வேகக்காரர்கள் புறப்பட்டது
தூரத்துக் கைதட்டலாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.
கோட்டைத் தொடவே பத்து நிமிடம்.
பக்கத்தில் நோர்லைலா, புக்கிட் மெர்தாஜாம் நர்ஸ்,
தொடையில் வாஸ்லின் அப்பியபடி
சட்டம் போட்டாள்:
மூன்று விளக்குத்தூண் ஓட்டம்,
இரண்டு தூண் நடை,
பேச்சு எப்போதும்.

இந்தப் பாலத்தை எனக்குக் காதால்தான் தெரியும்.
பிறையில் பஸ் ஏறியதும் தூங்கிவிடுவேன்.
இரும்பு இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்,
டடக், டடக்.
அது நின்றால் தீவு, எழுந்துகொள்ள வேண்டும்.
இப்போது அதே இரும்பு
உள்ளங்காலில் நெருடுகிறது, பல் பல்லாக.
இடுக்கில் கறுப்பாக ஏதோ அசைகிறது.
கடல்.
இவ்வளவு நாளும் கீழேயே இருந்திருக்கிறது.

பதினோராவது கிலோமீட்டரில் திரும்பச் சொன்னார்கள்,
ஓர் ஆரஞ்சுக் கூம்பைச் சுற்றி.
எதிரே பிறையின் விளக்குகள்.
அதில் எங்கள் மாடிப்படி டியூப்லைட்
இன்னும் சிமிட்டுகிறதா என்று
நின்று பார்த்தேன்.
வீட்டை நோக்கிப் பாதி வழி வந்து
வீட்டுக்குப் போகாமல் திரும்பியது
இதுவே முதல் தடவை.

பதினாலில் முட்டி முனகத் தொடங்கியபோது
உரசினாற்போல் வந்து நின்றது
முடியாதவர்களை அள்ளும் பஸ்.
எங்கள் கம்பெனி பஸ்ஸேதான், இன்று வேறு வாடகை.
ஓட்டுவது பூபாலன்.
கதவு புஸ்ஸென்று திறந்தது.
'ஏறுக்கா, உன் சீட்டு காலியாத்தான் இருக்கு.'
ஏர்கான் குளிர், எலுமிச்சை சென்ட்,
ஜன்னலில் என் தலை எண்ணெய் பதித்த வட்டம்.
என் வலது கால் என்னைக் கேட்காமல்
படிக்கு உயர்ந்தது.

நோர்லைலாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது.
அவளை ஏற்றிவிடத்தான் கால் வைத்தேன்
என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன்.
'நீங்க முன்னால போங்க தம்பி, நான் வரேன்.'
'போக முடியாதுக்கா. நீதான் கடைசி.'

அப்புறம் ஏழு கிலோமீட்டர்
நாற்பது இருக்கைகள் கொண்ட வண்டி ஒன்று
என் நடைக்கு நடை பின்னால் வந்தது.
அதன் வெளிச்சத்தில் என் நிழல்
என்னைவிட நெட்டையாய், என்னைவிட ஒல்லியாய்
முன்னால் ஓடியது.
திரும்பிப் பார்த்தால், என் ஜன்னலில்
நோர்லைலா வாய் திறந்து தூங்குகிறாள்.
நானும் இப்படித்தான் தூங்குவேன் போல.

முடிவுக்கோட்டு வளைவின் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள்.
குனிந்துதான் நுழைந்தேன்.
ஒட்டி மூடிய பெட்டியைக் கிழித்து
ஒரு பையன் மெடல் எடுத்துத் தந்தான்.
'வாழைப்பழம் தீர்ந்துபோச்சு, ஆன்ட்டி.'

திங்கட்கிழமை பஸ்ஸில்
வழக்கம்போல் தூங்கினேன்.
பாதுகாப்பு ஷூவுக்குள் கறுத்த நகம் ஒன்று மட்டும்
ஒவ்வோர் இணைப்புக்கும்
விழித்துக்கொண்டது.