நான்கு பத்து

காட்சி நாற்பத்தேழு. பகல். வெளிப்புறம்.
கடலூர், தாழங்குடா, சவுக்குத் தோப்பு.
கதைப்படி இது கடலுக்கு அப்பால், பனங்காடு.
லாரியில் வந்த பனையோலைகளைச்
சவுக்கு மரங்களில் சணல் கொண்டு கட்டியிருக்கிறார்கள்.
காற்று வந்தால்
மரம் ஒரு சத்தம் போடுகிறது,
ஓலை வேறொரு சத்தம்.

என் வேலை கன்டினியூட்டி.
தளபதியின் சட்டையில் எத்தனை பொத்தான் போட்டிருந்தது,
தழும்பு எந்தப் புருவத்தில்,
டம்ளரில் டீ எவ்வளவு மீதி.
போன ஷாட்டுக்கும் இந்த ஷாட்டுக்கும் நடுவே
உலகம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.
அவர் கைக்கடிகாரம் நான்கு பத்தில் நிற்கிறது.
பேட்டரியைக் கழற்றியவள் நான்தான்.

அவரைப் பற்றி இது மூன்றாவது படம்.
முதலாவதில் அவர் சிரித்தால் மழை பெய்தது.
இரண்டாவதில் தாடைக்குக் கீழே விளக்கு வைத்து
கண் இருந்த இடத்தில் இரண்டு குழி காட்டினார்கள்.
எங்கள் இயக்குநர் நடுநிலைக்காரர்.
ஆகவே பாதி முகத்துக்கு மட்டும் வெளிச்சம்.

பிணங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது.
குறிஞ்சிப்பாடி முகாமிலிருந்து அறுபது பேர், மூன்று வேனில்.
தலைக்கு அறுநூறு, மதியம் சாம்பார் சாதம்,
ஆறு மணிக்குள் திரும்பிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.
செத்துக் கிடப்பது எப்படி என்று
உதவி இயக்குநர் மணலில் விழுந்து காட்டினான்.
குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீ நேரத்தில் சீருடையோடு நடிகர் அந்தப் பக்கம் போனார்.
இராசநாயகம் விருட்டென்று எழுந்து நின்றார்.
கால் நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது.
வேட்டியெல்லாம் டீ.
உட்கார்ந்து, வெகுநேரம் அந்தக் கறையைப் பார்த்துவிட்டு
என்னிடம் சொன்னார்:
"பிள்ளை, மணிக்கூடு அவர் வலக்கையிலதான் கட்டிறவர்."
எழுதிக்கொண்டேன்.
"ஆர் சொன்னது? இடக்கை" என்றாள் நகுலேஸ்வரி.
"என்ர தம்பியின்ர தோளில வச்ச கை அது.
படலையடியில நிண்டு பார்த்தனான்."
இராசநாயகம் மறுக்கவில்லை.
கொஞ்சம் கழித்து, மண்ணிடம் சொல்வதுபோல,
"எங்களுக்கு அரிசி தந்தது வலக்கை."
இரண்டையும் எழுதி
இரண்டையும் அடிக்காமல் விட்டேன்.

காட்சி நாற்பத்தெட்டு.
தாய் மகனுக்குத் திருநீறு பூசி அனுப்புகிறாள்.
தாயாக நடிப்பவர் புதுச்சேரி தாண்டவில்லை, ஏதோ மறியல்.
முதுகு மட்டும்தானே என்று
நகுலேஸ்வரியை நிறுத்தினார்கள்.
பூசினாள்.
பையன், தேவனாம்பட்டினத்தில் ஒன்பதாவது படிப்பவன்,
சொல்லிக்கொடுத்தபடி ஓரடி நகர்ந்தான்.
அவன் சட்டையை அவள் விடவில்லை.
தளபதி இழுத்தார். அவள் இழுத்தாள்.
நடிகர் முறைத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார்,
அதற்குப் பிறகு அவர் செய்தது எதுவும் நடிப்பில்லை.
பொத்தானொன்று தெறித்தது.
கட் சொல்ல வேண்டியவர் வாய் திறந்திருந்தது.

"பிரமாதம்" என்றார் பிறகு.
"ஆனால் வைக்க முடியாதும்மா,
ஒரு பக்கமாகச் சாயுது."

மறு டேக்குக்கு அதே பொத்தான் வேண்டும்.
ஏழு பேர் மணலைச் சலித்தோம்.
கிளிஞ்சல் கிடைத்தது, பீடித்துண்டு கிடைத்தது,
யாரோ தொலைத்த ஒற்றைக் கம்மல்கூடக் கிடைத்தது.
அவள் கை மூடியே இருந்தது.
எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.
வேறொன்று தைத்தேன், நிறம் கொஞ்சம் கம்மி.
தேடிப் பார்க்கிறவர்களுக்குத் திரையில் தெரியும்.

வெயில் தோப்புக்குப் பின்னால் இறங்கியது.
கரையில் கிடந்த பிணங்களில் ஒன்று
தலை தூக்கி மணி கேட்டது.
தளபதி கையைத் திருப்பிப் பார்த்து,
பழக்கத்தில்,
"நாலு பத்து" என்றார்.
பிணங்கள் நம்பி
மறுபடி கண்ணை மூடிக்கொண்டன.

சாலையில் வேன்காரர் விடாமல் ஹாரன் அடிக்கிறார்.
என் கைபேசியில் ஐந்து ஐம்பது.