தடைக்காலம்

மண்டபம் ரயிலடியில்
என் ரீசார்ஜ் கடைக்குள்
நாலடிக் கண்ணாடிக் கடல்.
முப்பத்தோரு நாளாய் அதில்
ஓடுவது மோட்டார் மட்டும்.

பவளக்கல்லைத் தொட்டால் வனத்துறை கேஸ்.
உடைந்த சூளை ஓடுகளை
ஊறவைத்து அடுக்கினேன்.
அழுகட்டும் என்று
இறால் ஒன்றைப் போட்டேன், தலையோடு.

ஆறாம் நாள் நாற்றம்.
சோதனைக் குப்பியில் அமோனியா
கரும்பச்சையாய் எழுந்தது.
டாப்-அப் போட வந்த ஜெசிந்தா
முந்தானையால் மூக்கைப் பொத்தி
"எட்டி நடந்தா கடலு,
இங்க எதுக்கு இந்தப் பாடு?" என்றாள்.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

பச்சை இளைத்தது. நைட்ரைட் வந்தது,
கத்தரிப்பூ ஊதாவில்.
ஓட்டின் மேல் லேசாய் ஒரு வழவழப்பு.
யாரோ குடிவந்திருக்கிறார்கள்
ரேஷன் கார்டு இல்லாமல்,
நஞ்சைத் தின்று
இன்னொரு நஞ்சைக் கக்கி
அதைத் தின்னவும் ஆள் சேர்க்கிறார்கள்.

தஸ்நேவிஸ் தினமும் வருவான்.
விசைப்படகு கட்டிக் கிடக்கிறது,
வலையும் பொத்தி முடித்தாயிற்று.
பீடி அணையும்வரை
வெறுந்தண்ணீரைப் பார்ப்பான்,
நீவாடு கணிக்கும் அதே கண்ணால்.
"ஒங்க தொட்டிக்கும் தடைக்காலமாண்ணே?"
"அறுபத்தோரு நாள் ஆகாதுடா."
"அப்ப நீங்க முந்திக்குவீக."

நேற்று ஷட்டர் இறக்குமுன்
குப்பியை டியூப்லைட்டில் பிடித்தேன்.
ஊதா போய்விட்டது.
வெளுத்த நீலம்.

மீன் விடலாம்.
அவனிடம் சொல்லவில்லை.
இன்னொரு துண்டு இறாலைக் கிள்ளிப் போட்டேன்.
இதையும் தின்று தீர்க்கிறார்களா
பார்ப்போம்.