நூறு, இருநூறு

முதல் தும்மலுக்கு நூறு என்றேன்,
அடுத்ததற்கு இருநூறு.
ஏழாவதில் நிறுத்திக்கொண்டேன்.
எழுநூறு வயதுவரை இந்த மனுசனுக்குச் சமைத்துப் போட
உப்புவெளிக் கடலில் மீன் காணாது.

டோஹாவில் ஒன்பது வருடம்
சீமெந்துத் தூசிக்குள் நின்றவர்.
அங்கே ஒருநாளும் தும்மவில்லையாம்.
வந்த மூன்றாம் இரவு
கண் சிவந்து, மூக்கு ஒழுகி,
நெஞ்சுக்குள் யாரோ துருப்பிடித்த கேற்றைத்
திறந்து மூடுகிற சத்தம்.

கட்டிலில் அவருடைய பக்கத்தில் கப்டன்.
காலடியில் சுண்டங்காய்.
கப்டனை உட்துறைமுக வீதி வடிகானில் எடுத்தோம்,
ஒற்றைக் கண் பீளையோடு.
சுண்டங்காய் தானாக வந்து
அரிசி வாளிக்குப் பின்னால் குட்டி போட்டது.
இரண்டும் அவர் இல்லாத காலத்து ஆட்கள்.
அவரைத்தான் புதிதாகப் பார்த்தன.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை
பூனையாக இருக்கலாம் என்று எழுதி
கேள்விக்குறியும் போட்டாள்.
தோலில் குத்திப் பார்க்கும் சோதனை கொழும்பில்,
திகதி ஐப்பசியில்.
அதுவரைக்கும் அந்தக் கேள்விக்குறி
வாலை வளைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தது.

"மூதூருக்கு அனுப்பு,
தண்ணி தாண்டினால் பூனைக்கு வழி தெரியாது,"
என்றார் பக்கத்து வீட்டு பௌசியா.
தண்ணி தாண்டியும் வழி தெரிந்து வந்தவர்
உள்ளே தும்மிக்கொண்டிருந்தார்.

மகள் துவாரகி
அப்பாவையும் வச்சிருப்பம், பூனையையும் வச்சிருப்பம் என்று
கணக்குக் கொப்பியில் கோடு போட்டாள்.
அறைக்கதவு சாத்திய நாள்: முப்பத்தொன்று.
தும்புத்தடியை விட்டு ஈரத்துணியால் துடைத்த நாள்: பத்தொன்பது.
தலகணி உறை வெந்நீரில் அவித்த நாள்: பதினொன்று.
பிறகு கச்சான் கிளம்பி
நிலாவெளி வீதிப் புழுதி முழுக்க யன்னலால் வந்த நாள்:
நாற்பத்தாறு.
ஓரத்தில் பென்சிலால்,
'இதில் பூனைக்குப் பங்கில்லை.'

கோட்டைப் பக்கம் நடக்கப் போனவரின்
சட்டைப்பையை ஒரு மான் முகர்ந்ததாம்.
அன்றைக்கும் தும்மல்.
மானையும் எழுது என்றார்.

இரவில் கப்டன் கதவைப் பிராண்டும்.
உள்ளேயிருந்து இவர்,
"கொஞ்சம் பொறடா."
துவாரகி சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
ஒன்பது வருடமாக ஃபோனில் எனக்கும்
அதே சொல், அதே குரல்.

ஒரு விடியற்காலை
வேலைத்தலத்து முகமூடியை மாட்டிக்கொண்டு
பின்படியில் குந்தியிருக்கிறார்.
சூடை மீனில் முள் எடுத்து எடுத்து
கையை மட்டும் நீட்டி, முகத்தை வேலிப்பக்கம் திருப்பி,
சுண்டங்காய்க்குத் தீத்துகிறார்.
என்னைக் கண்டதும்
"குளிசை போட்டிட்டன்" என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.

ஆவணிக் கடைசியில் ஏஜென்சிக்காரன் எடுத்தான்.
இரண்டு வருடம், கூடுதல் சம்பளம்.
கூரை ஓடு மாற்றலாம் என்றார்.
நான் கூரையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை,
மடிப்புக் குலையாத கால்சட்டை, பைலுக்குள் பாஸ்போர்ட்.
இரவிரவாக அந்த அறைக்கதவைச் சாத்துகிறவள் நான்தான்.
முதல்நாள் இரவு அது
எப்படியோ திறந்து கிடந்திருக்கிறது.
கதிரையில் கால்சட்டை,
கால்சட்டையில் கப்டன்.

படலையில் கைவைத்தார். தும்மினார்.
நூறு.
புறப்படும்போது தும்மினால்
இருந்து தண்ணி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.
எங்கட வீட்டில் அது சட்டம்.
குடித்தார். எழும்பினார். தும்மினார்.
இருநூறு.
ஏழரை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.
துவாரகி கொப்பியைத் தேடினாள்;
அதன்மேல் சுண்டங்காய் படுத்திருந்தது.
இன்னொரு செம்பு தண்ணி எடுக்க
நான் குசினிக்குள் போனேன்,
ஆறுதலாக.