பொட்டு விழும் நாற்பது நிமிடம்

தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றிலும் கோழி ரத்தம், நூற்றில் ஒரு பங்கு,
பீட்ரூட் கலந்த மோர்போல.
ஏறாவூர் இஸ்ஸதீனின் பண்ணையில்
நேற்று விடியுமுன் கழுத்து திருகி விழுந்தவை
இருநூற்றுப் பதினொன்று.
அவற்றின் தொண்டையைத் துடைத்த பஞ்சு
ஐஸ்பெட்டிக்குள் பிள்ளையாரடி தாண்டி வந்தது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை.
தட்டை ஆட்டக் கூடாது,
மேசையில் முழங்கை ஊன்றக் கூடாது.
நாற்பது நிமிடம்.

ரத்த அணு ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரை மயிர்கள்,
அவற்றின் கடைசி நுனியில் சியாலிக் அமிலம்.
உமிழ்நீரில் முதலில் அகப்பட்டதால் அந்தப் பெயர்.
எச்சில் அமிலம் என்று சொன்னால்
முர்ஷிதா முகம் சுளிப்பாள்.
இந்த நுனி இருக்கும்வரை
'நம்மட ஆள்' என்று உடம்பு வழி விடும்.
நுனி உதிர்ந்த கிழட்டுத் தட்டணுவை
ஈரல் உள்ளே கூப்பிடும்.
மறுகா அது வெளியே வராது.
அப்படிக் கூப்பிடப்பட்டவர்களை
எங்கள் தெருவுக்கும் தெரியும்.

வைரஸ் கதவை உடைப்பதில்லை,
இந்த நுனியைப் பற்றுகிறது.
தாராவின் குடலில் நுனி ஒரு சாய்வில் நிற்கும்,
என் மூக்கில் வேறு சாய்வில்.
உன்னிச்சைக் குளத்தில் வந்திறங்கும் பறவைக்கும் எனக்கும் நடுவில்
இவ்வளவுதான் மதில்.
நுரையீரலின் அடியில்
எனக்கும் பறவைச் சாய்வு உண்டு.
முகக்கவசத்தை இன்னொருமுறை அழுத்திக்கொள்கிறேன்.

சளியை ஏசாதீர்கள்.
அதே நுனிகளை ஆயிரமாயிரமாய்த் தொங்கவிட்டு
பொய்க்கதவு காட்டி மயக்குவது அதுதான்.
வைரஸும் லேசுப்பட்டதல்ல,
கத்தரிக்கோலோடு வருகிறது.

"மிஸ், பாத்தாச்சா?"
இன்னும் பதினெட்டு நிமிடம், இஸ்ஸதீன்.
"சின்னவனுக்கும் மேல் சுடுது மிஸ்."

வைரஸ் இல்லையென்றால் அணுக்கள் சரிந்து
குழியின் அடியில் சிவப்புப் பொட்டாய் விழும்.
இருந்தால் ஒன்றையொன்று பிடித்துத் தொங்கும், வலையாக.

தொண்ணூறில், பொலனறுவை பஸ்ஸில்,
சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து
அம்மா என் நெற்றியை அழித்தாள்.
சாவடி தாண்டிய பிறகு
திரும்ப வைக்க அவளிடம் சாந்து இல்லை.
சில கிருமிகள் எங்கள் சர்க்கரையையே உடுத்துக்கொண்டு
காவலைக் கடக்குமாம்.
அதைப் படித்த அன்று
நூலகத்தில் தனியே சிரித்தேன்.

கடைசி நிரல், வெறும் உப்புநீர்:
பொட்டு.
இஸ்ஸதீனின் நிரல்:
ஏழாம் குழிவரை வலை.

முர்ஷிதா பேசவில்லை.

எந்தக் கை பின்னிய வலை என்று
தட்டு சொல்லாது.
அந்த நுனியைப் பற்றும் கைகள் பல.
இரண்டாவது தட்டு:
மேல் வரிசைக்குப் பறவைக்காய்ச்சல் சீரம்,
கீழ் வரிசைக்கு நியூகாசில் சீரம்.
இன்னொரு நாற்பது.
மேசையில் போன் மூன்றுதரம் அதிர்ந்து அடங்குகிறது.

மேலே வலை, அப்படியே.
கீழே
ஒன்று. இரண்டு.
ஐந்தாவதும்.
"எல்லாம் உங்கட பொட்டு மிஸ்" என்கிறாள் முர்ஷிதா,
சிரிப்பா அழுகையா தெரியாத குரலில்.

கையுறையைக் கழற்றி இலக்கத்தை அழுத்துகிறேன்.
பறவைக்காய்ச்சல் இல்லை என்று தொடங்குவதா,
மிச்சக் கோழிகளும் போகும் என்பதிலிருந்தா?
முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.
"சொல்லுங்க மிஸ்."

எச்சிலை விழுங்குகிறேன்.