பார்த்துக்கொண்டேன்

விண்ணப்பத்தில் ஒரு பெட்டி:
இதுவரை நீங்கள் நடத்திய திட்டங்களை
மணிக்கணக்கில் எழுதுக.

ஏழு வருடம்.
செம்பூரில் இரண்டு கட்டடம், வடாலாவில் ஒன்று,
கோவண்டியில் பாதியில் நின்று
பெயர் மாறி மறுபடி எழுந்த ஒன்று.
யார் கேட்டாலும் நான் சொல்லி வந்தது ஒரே வார்த்தைதான்:
பாத்துக்கிட்டேன்.

கம்பி வரவில்லை, பார்த்துக்கொண்டேன்.
ஜூலையில் அடித்தளக் குழியில் இடுப்பளவு தண்ணீர்,
பம்புக்காரன் போனை எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டேன்.
மூன்றாம் மாடியில் சாரம் சரிந்த அன்று
சயான் ஆஸ்பத்திரி வாசலில் விடியும்வரை
ராம்பிரவேஷின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேனே,
அது எத்தனை மணி நேரம்?
எந்தத் தலைப்பில் சேரும்?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பக்கத்து இருக்கை தேவாங்,
வங்கி மென்பொருள், இருபத்தேழு வயது,
எட்டிப் பார்த்துச் சொன்னான்:
"உதவினேன்னு எழுதாதீங்க. நடத்தினேன்னு எழுதுங்க."
நடத்தினேன் என்று தட்டினேன்.
அழித்தேன்.
அடுத்தவர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.
மறுபடி தட்டினேன்.

கட்டணம் டாலரில்.
நான் ரூபாயில் யோசித்த நாலு நாளில்
அறுநூறு ஏறியிருந்தது.
அந்தோணியம்மாளிடம் சீட்டைத் தள்ளி எடுத்தேன்.
மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்த ரெஜினாவும்
எனக்கெதிரே ஏலம் கேட்டாள்.
"உனக்கு எதுக்கு?"
"பரீட்சைக்கு."
"மகனுக்கா?"
"எனக்கு."

படிவம் குடும்பப் பெயர் கேட்டது.
பாஸ்போர்ட்டில் நான் ஜெபக்கனி தங்கராஜ்,
ஆதாரில் டி. ஜெபக்கனி.
எங்கள் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது,
ஓர் எழுத்துதான்,
அதற்குப் பின்னால் ஒரு புள்ளி.

கிரிட்டிக்கல் பாத் மட்டும் மூன்றாம் நாளே பிடிபட்டது.
சயான் கோலிவாடாவில் தண்ணீர் நாலு நாற்பதுக்கு வரும்,
ஐந்து இருபதுக்கு நிற்கும்.
அதற்கு முன் எதுவும் தொடங்காது,
அதைத் தவறவிட்டால் எதுவும் முடியாது.
டிரம் நிறைகிற நாற்பது நிமிடம்,
குழாயடியில், மொபைல் வெளிச்சத்தில்,
நாலு மாதம் படித்தேன்.

தேர்வு நாளிலேயே வடாலாவில் ஏழாவது மாடி ஸ்லாப்.
இரண்டு தேதியும் அசையவில்லை.
சலீம் மிஸ்திரியிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனேன்:
எந்த வண்டி எத்தனை மணிக்கு,
வராவிட்டால் யாருக்குப் போன்,
மழை வந்தால் தார்ப்பாய் எங்கே.

வாஷியில் கையை விரிக்கச் சொன்னார்கள்,
வளையலைக் கழற்றச் சொன்னார்கள்,
மொபைலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள்.
நூற்றெண்பது கேள்வி.
பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், உடை மாற்றிக்கொண்டு:
சிக்கல் வந்துவிட்டது.
மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?
நாலு விடை,
நாலும் ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டவை.
ஒன்றிலும் இல்லை,
முதலில் அவன் செருப்பைப் பொறுக்கிக்கொள் என்று.
'ஆராய்ந்து பார்' என்பதை அழுத்தினேன்.
தப்பில்லை.
ஆராயவும் வேண்டும்தான்.

திரை சொன்னது: தேர்ச்சி.

பெட்டியைத் திறந்து மொபைலை உயிர்ப்பித்தேன்.
தவறிய அழைப்பு ஒன்றுகூட இல்லை.
சலீமிடமிருந்து ஒரு படம்:
ஈரம் மின்னும் ஏழாவது மாடி,
மூலையில் யாருடைய நிழலோ.
கீழே, "ஹோ கயா மேடம்."

புத்தகப்படி இதுதான் வெற்றி.
ஆள் இல்லாமலே வேலை நடப்பது.

ரயில் வாஷிப் பாலத்தில் ஏறியபோது
மதிப்பெண் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
படத்தைப் பெரிதாக்கி, விளிம்பு விளிம்பாக,
எங்காவது ஒரு கம்பி வெளியே தெரிகிறதா என்று
தேடிக்கொண்டே வந்தேன்,
மான்குர்த் தாண்டியும்,
குர்லா தாண்டியும்.

ஒன்றும் அகப்படவில்லை.