சண்டிக்குதிரை

வியாழக்கிழமை ஆறு முறை சுட்டாள் குவெனித் ப்ராசர்.
ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை.

ஹெரிஃபோர்ட்ஷையரில் ஒரு பப். பின்னறைச் சுவரில்
வெள்ளையடித்த இரும்புத் தகடு,
நடுவில் பட்டாணி நுழையும் துளை,
துளைக்கு அந்தப்புறம் மணி.
குண்டு நுழைந்தால் ஓசை.
நுழையாவிட்டால் வெள்ளையில் ஒரு சாம்பல் பொட்டு,
எல்லோரும் பார்க்க.

"உனக்குக் கை நடுங்குது" என்றார் அணித்தலைவர் பேஸில் யாப்.
பகலெல்லாம் லாரிச் சக்கரம் கழற்றும் கை.
அவள் சைடரைக் குடித்து முடித்தாள், அவ்வளவுதான்.

வீட்டில், கந்தல் அடைத்த பெட்டிக்குள் குழல்வாயை வைத்து
மீன் நிறுக்கும் கொக்கித் தராசை விசையில் மாட்டி இழுத்தாள்.
இரண்டு கிலோ நூறு.
மறுபடி குழலை மடித்து, வில்லை ஏற்றி, இழுத்தாள்.
மூன்று கிலோ.
ஒன்று எழுநூறு.
மூன்று இருநூறு, அதுவும்
இனி வராது என்று கை தளர்கிற நொடியில்.
மின்கட்டண ரசீதின் முதுகில் எண்கள் ஏறி இறங்கின.
தராசுக்குமா கை நடுங்கும்?

நம் மொழியில் இந்த உறுப்புக்குக் குதிரை என்று பேர்.
அது அவளுக்குத் தெரியாது.
கழுதை என்று திட்டினாள்.

வில் தளர்ந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு
ஊசிகளைத் தட்டி எடுத்தாள்.
உள்ளே பழைய கிரீஸ், பாகு முற்றியதுபோல்.
மண்ணெண்ணெயில் கழுவிய பிறகுதான் தெரிந்தது:
கொக்கியின் விளிம்பை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்,
கோணலாக, அவசரமாக.
ஒன்றையொன்று பற்றவேண்டிய இரண்டு இரும்புகள்
நகநுனி அகலத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.
அதற்குப் பின்னால்
ஒரு பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்,
வெட்டி, நெளித்துத் திணித்தது.

முதலில் ஆசை: தொட்டால் வெடிக்கவேண்டும்.
பிறகு பயம்: தொட்டால் வெடித்துவிடும்.

மூன்று வருஷத்துக்கு முன் நாற்பது பவுண்டுக்கு
இதை விற்றவர் லயனல் ட்ரான்டர்.
இடது ஆட்காட்டி விரலில் அவருக்கு நகம் இல்லை.
கேட்டால் ஆட்டுப்பட்டிக் கதவு என்பார்.
ஒருமுறை டிராக்டர் என்றார்.

குவெனித் அடுப்பருகே போய் நின்றாள்.
எத்தனை வியாழக்கிழமை,
மடித்த குழலைப் பிடிக்காமலே
வாயில் குண்டை வைக்க விரலை நீட்டியிருக்கிறாள்,
யாரோடோ சிரித்துப் பேசியபடி.

புதுக் கொக்கி தபாலில் வர ஒன்பது நாள்.
ஒரு வாரம் ஆட்டத்துக்குப் போகவில்லை;
பேஸில் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்.
குன்றிமணி அளவு கருப்பு கிரீஸ்.
பேனா ஸ்பிரிங்கை எடுத்துத் தீப்பெட்டியில் போட்டாள்.
திருகாணி கால்சுற்று. நிறுத்தல். அரைக்கால்.
குழலை இறுகப் பிடித்துக்கொண்டு
கட்டையைத் தரையில் தட்டினாள். நழுவவில்லை.
ஒன்று முந்நூறு. ஒன்று முந்நூறு. ஒன்று முந்நூறு.
எண் மாறுமா என்று இன்னும் நான்கு முறை.
திருகாணி மேலும் கொஞ்சம் கேட்டது.
கொடுக்கவில்லை.

அடுத்த வியாழன் ஆறில் நான்கு அடித்தது.
தவறிய இரண்டும் அவளே தவறவிட்டவை;
சாம்பல் பொட்டுகளை
கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

எதிரணி மேசையில் ட்ரான்டர்.
அவருடைய கிளாஸ் பக்கத்தில்
தீப்பெட்டியைக் கவிழ்த்தாள்.
ஸ்பிரிங் உருண்டு பீர் ஈரத்தில் நின்றது.
நகமில்லாத விரலால் அவர் அதை
முன்னும் பின்னும் உருட்டினார்.
அடுத்து அவர் முறை. பேரைக் கூப்பிட்டார்கள்.
இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள்.
"கதவு இல்ல" என்றார்.